படகின் 454 பிக் பிளாக் இன்ஜின், 4400 ஆர்பிஎம்முக்கு மேல் திணறுகிறது: சிடிஐ பாக்ஸ் போட்டால் சரியாகுமா?

சுக்கான்பிடி:

வணக்கம் எல்லோருக்கும். 24 அடி வி-ஹல் படகு, உள்ளே 454, அதாவது 7.4 லிட்டர், ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் உள்ளே, ப்ரொப்பல்லர் பாகம் பின்னால் வெளியே), கார்புரேட்டர் இன்ஜின். போன வருடம் கேம், இன்டேக் மேனிஃபோல்டு, கார்புரேட்டர் மூன்றையும் மாற்றினேன். 2500 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 4000 வரை இழுவை முன்பைவிட நன்றாக இருக்கிறது, படகு சட்டென்று எழும்பி ஓடுகிறது. பிரச்சினை அதற்கு மேல்தான். 4400 தொட்டதும் யாரோ சாவியை ஆட்டுவதுபோல் விட்டு விட்டு அடிக்கிறது. த்ராட்டிலைக் கொஞ்சம் இறக்கினால் உடனே சரியாகிவிடும். இன்ஜின் சூடான பிறகு இன்னும் மோசம், ஐடிலிலும் நடுநடுவே ஒரு மிஸ்ஸிங் கேட்கிறது.

இக்னிஷன், அதாவது பிளக்கில் பொறி கொடுக்கிற ஏற்பாடு, மட்டும் பழசு. பாயிண்ட்ஸ் (காயிலின் கரண்டைத் துண்டித்துப் பொறி கிளப்புகிற சின்ன சுவிட்ச்) இருந்த டிஸ்ட்ரிபியூட்டர்தான், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுகிற பாகம். பாயிண்ட்ஸை எடுத்துவிட்டு உள்ளே பொருத்துகிற எலக்ட்ரானிக் ட்ரிகர் போட்டு நாலு வருடம் ஆகிறது. காயில், பிளக் வயர் எல்லாம் எப்போது மாற்றியது என்றே ஞாபகம் இல்லை.

இப்போது மொத்தமாக மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்: எம்எஸ்டி 6எம்-2 மாதிரி ஒரு மரைன் (படகுக்கான) சிடிஐ பாக்ஸ், அதாவது கெப்பாசிட்டரில் சேர்த்து வைத்துப் பொறியாகக் கொட்டுகிற பெட்டி, அதற்கேற்ற காயில், 8.5 மில்லிமீட்டர் வயர், புது பிளக். நண்பர் ஒருவர் "இதெல்லாம் எதற்கு, காயில் மூடிக்குள்ளேயே இருக்கிற கார் டிஸ்ட்ரிபியூட்டர் அப்படியே இறங்கும், ஒரே ஒரு வயர் கொடுத்தால் போதும்" என்கிறார். இரண்டில் எது நல்லது? வேகம் எவ்வளவு கூடும்? 5000-ஐத் தாண்டி ஓட்ட வேண்டும் என்பதுதான் ஆசை.

கிரீஸ்கை:

தம்பி, ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போங்கள்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் எத்தனை வோல்ட் வருகிறது? நீங்கள் சொல்கிற கதையில் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். பாயிண்ட்ஸ் காலத்து இன்ஜின்களில் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் வயர் சாதாரண வயர் இல்லை, அதுவே ஒரு ரெசிஸ்டன்ஸ். பாயிண்ட்ஸ் கருகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வோல்டேஜைக் குறைத்துக் கொடுப்பார்கள். எலக்ட்ரானிக் ட்ரிகர் போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த வயரை மாற்ற மறந்துவிடுவார்கள். இன்ஜின் ஓடும், ஐடிலில் ஒன்றும் தெரியாது, நல்லாத்தானே இருக்கிறது என்று நாலு வருடம் ஓட்டிவிடலாம். கேம் மாற்றி, சிலிண்டருக்குள் அதிகக் காற்று போக ஆரம்பித்ததும்தான் குட்டு உடையும்.

ஏன் மேலே போகும்போது மட்டும் என்றால், கணக்கு இப்படி. எட்டு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு நாலு பொறி. 5000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 20,000 பொறி, நொடிக்கு 333. ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 3 மில்லி செகண்ட்தான். அதிலும் காயில் சார்ஜ் ஆகக் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 2 மில்லி செகண்ட். 1000 ஆர்பிஎம்மில் இதே காயிலுக்கு 10 மில்லி செகண்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் பாதியானால் பொறியின் பலம் பாதியாகாது, கால் பங்காகிவிடும், ஏனென்றால் ஆற்றல் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜையும் நீங்களே குறைத்துக் கொடுத்தால் காயில் பாவம் என்ன செய்யும்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை, அதாவது கேப்பைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற ரோட்டாரை எடுத்துவிட்டு ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது. டைமிங் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு இடத்தில் நிற்கும், அதற்கு எந்த பாக்ஸும் மருந்து கிடையாது. கேப்புக்குள் அலுமினிய முனை என்றால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், பித்தளை முனையுள்ள கேப் வாங்குங்கள். மூடிக்குள் பென்சிலால் கிறுக்கியதுபோல் கருப்புக் கோடு தெரிந்தால் அது கார்பன் டிராக், பொறி வழிதவறி ஓடுகிற தடம், யோசிக்காமல் தூக்கிப் போடவும்.

உங்கள் நண்பர் சொல்லும் கார் டிஸ்ட்ரிபியூட்டர் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். பில்ஜ்பூனை எழுதுவார்.

பில்ஜ்பூனை:

கூப்பிட்டதற்கு நன்றி, எழுதுகிறேன்.

கார் டிஸ்ட்ரிபியூட்டர் இறங்கும் என்பது உண்மை. துளை ஒன்று, கியர் ஒன்று, போல்ட் ஒன்று. ஆனால் காரில் இன்ஜினுக்குக் கீழே ரோடு இருக்கிறது, பெட்ரோல் ஆவி வந்தாலும் காற்றோடு போய்விடும். படகில் கீழே இருப்பது மூடிய பில்ஜ், படகின் அடிவயிறு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கி அங்கேயே உட்கார்ந்திருக்கும். காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் நொடிக்கு முந்நூறு பொறி ரோட்டாரிலிருந்து முனைக்குத் தாவிக்கொண்டிருக்கிறது. கார் மூடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை வெளிப்படையாக இருக்கும். மரைன் டிஸ்ட்ரிபியூட்டரிலும் காற்றோட்டம் உண்டு, ஆனால் அந்த வழியில் நுண்ணிய கம்பி வலை இருக்கும். உள்ளே ஆவி பற்றினாலும் தீ அந்த வலையில் சூட்டை இழந்து அணைந்துவிடும், வெளியே வராது. எஸ்ஏஇ ஜே1171, ஐஎஸ்ஓ 8846 என்று பெட்டியில் அச்சடித்திருப்பது இதைத்தான் சொல்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், பில்ஜில் இருக்கிற எந்த ரிலேவும் இதே தரத்தில் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு கார் சாமான் மாதிரியே இருக்கும், விலை மட்டும் ஏன் கூட என்று எரிச்சலாக இருக்கும். அந்த வலைக்குத்தான் காசு.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன் என் படகிலும் ஒரு கார் டிஸ்ட்ரிபியூட்டர்தான் இருந்தது. வாங்கும்போதே அப்படித்தான் வந்தது, எனக்கும் அப்போது விவரம் பத்தாது. ஒரு நாள் காலை கார்புரேட்டர் ஃப்ளோட் ஒட்டிக்கொண்டு பெட்ரோல் மேனிஃபோல்டு மேல் வழிந்து பில்ஜில் சொட்டியிருக்கிறது. நான் சாவியில் கை வைத்துவிட்டேன், திருப்பவில்லை, ஏனென்றால் கூட வந்த என் அக்கா மகன் "மாமா, பெயிண்ட் வாசனை வருதே" என்றான். அவனுக்கு அது பெயிண்ட் வாசனை. மூடியைத் திறந்தால் பில்ஜ் தண்ணீர் மேல் வானவில் மாதிரி படலம் மிதக்கிறது. அன்றைக்குப் படகை இறக்கவில்லை. அடுத்த வாரமே அந்த டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினேன். பில்ஜ் காற்றை வெளியே தள்ளுகிற ப்ளோயரை நாலு நிமிடம் ஓட விட்டு, அப்புறம் குனிந்து மூக்கால் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் இன்றுவரை சாவி போடுகிறேன்.

வேண்டுமானால் ஒரு சோதனை செய்து பாருங்கள். இருட்டிய பிறகு, ப்ளோயர் ஓட்டி, மூடியைத் திறந்து வைத்து வாசனை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்ஜினை ஐடிலில் விட்டு விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பழைய வயராக இருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் மின்மினி மாதிரி நீலமாகச் சிமிட்டும். அத்தனையும் பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட்.

டைமிங்லைட்:

எல்லோரும் வயரையும் பாக்ஸையும் பற்றியே பேசுகிறீர்கள், டைமிங் என்ன என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை! கேம் மாற்றிய பிறகு அட்வான்ஸ் கர்வை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே பொறி வர வேண்டும் என்பதை, யாராவது தொட்டீர்களா? மொத்த அட்வான்ஸ் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் முழுதாக வருகிறது?

படகு இன்ஜினுக்கும் கார் இன்ஜினுக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். கார் பாதி நேரம் சும்மா உருளும். படகு எப்போதும் மேடு ஏறிக்கொண்டே இருக்கிற லாரி மாதிரி, த்ராட்டிலை விட்டால் தண்ணீர் பிடித்து நிறுத்திவிடும். அதனால்தான் படகு டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சலால் கூடுவது) கிடையாது. வெறும் மெக்கானிக்கல் அட்வான்ஸ் (சுற்று வேகத்தால் கூடுவது), அதுவும் அளவோடு. சூப்பர்சார்ஜர் இல்லாத 454-க்கு மொத்தம் 32-இலிருந்து 36 டிகிரிக்குள் நிற்பது வழக்கம். ஒரு டிகிரி கூட வைத்தால் என்ன ஆகும் என்று விளையாடுகிற இடம் இல்லை இது. காரில் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கிற தட்டல், காதில் விழும். இங்கே எக்ஸாஸ்ட் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, பிஸ்டன் போன பிறகுதான் தெரியும். பிளக்கைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள், பீங்கானில் மிளகுப் பொடி தூவியது மாதிரி கருப்புப் புள்ளியோ, வெள்ளியாக மினுக்குகிற சின்னச் சின்னத் துகளோ இருந்தால் உள்ளே நாக்கிங் நடக்கிறது. மினுக்குவது உங்கள் பிஸ்டனின் அலுமினியம்.

இரண்டாவது விஷயம், கிராங்க் முனையில் இருக்கிற பேலன்சரை (அதிர்வைக் குறைக்கிற, டைமிங் கோடு போட்ட சக்கரம்) நம்பாதீர்கள். வெளி வளையத்துக்கும் நடுப் பாகத்துக்கும் இடையில் ரப்பர்தான். வயதான ரப்பர் வழுக்கி வளையம் தனியாக நகர்ந்துவிடும், அதோடு டைமிங் கோடும் நகரும். எட்டு அங்குல பேலன்சரில் ஒரு டிகிரி என்பது விளிம்பில் 1.8 மில்லிமீட்டர்கூட இல்லை. ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஆறு டிகிரி பொய் சொல்லும்.

பேட்டரியைக் கழற்றி, எட்டு பிளக்கையும் எடுத்துவிட்டு, ஒன்றாம் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பரைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பி, முட்டும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவில் இருப்பதுதான் உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். அது பழைய கோட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் இத்தனை நாள் நீங்கள் படித்த டைமிங் எல்லாம் கதை.

டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். அதன் மெக்கானிசத்தில் 12 டிகிரி என்று போட்டிருந்தால் கிராங்கில் 24. இதைக் குழப்பிக்கொண்டு இன்ஜினை அடித்தவர்கள் உண்டு.

சுக்கான்பிடி:

அண்ணன்மார்களே, சனி ஞாயிறு முழுக்க பில்ஜுக்குள்தான் இருந்தேன். ரிப்போர்ட் இதோ.

பேட்டரியில் ஓடும்போது 14.1 வோல்ட். காயில் பாசிட்டிவில் 8.4. கிரீஸ்கை அண்ணா, உங்கள் வாய்க்கு சர்க்கரை போட வேண்டும். வயரிங் டேப்பை உரித்துக்கொண்டே போனேன், ஊதா வயர் ஒரு இடத்தில் தடித்து மெழுகுத் துணி சுற்றினது மாதிரி வேறொரு வயராக மாறுகிறது. அதுதான் ரெசிஸ்டன்ஸ் வயர். ட்ரிகர் கூட வந்த காகிதத்தில் முழு வோல்டேஜ் வேண்டும் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது, நாலு வருடத்துக்கு முன் நான்தான் படிக்கவில்லை.

ஷாஃப்ட் ஆட்டம் இல்லை. கேப் பழசு, வெள்ளைப் பொடி இருந்தது. இருட்டில் பார்த்தேன், ஐந்தாம் சிலிண்டர் வயரும் ஏழாம் சிலிண்டர் வயரும் ஒட்டிப் போகிற இடத்தில் நீலமாக ஓடுகிறது. அழகாகத்தான் இருந்தது, பயமாகவும் இருந்தது.

பிஸ்டன் ஸ்டாப்பர் சோதனையும் செய்தேன். பழைய கோடு ஏறத்தாழ ஆறு டிகிரி தள்ளி நிற்கிறது. நான் 34 என்று நினைத்து வைத்திருந்தது உண்மையில் 28.

இப்போது என் கேள்வி மாறிவிட்டது. ரெசிஸ்டன்ஸ் வயரை மட்டும் எடுத்துவிட்டு முழு வோல்டேஜ் கொடுத்தால் போதுமா, அல்லது பாக்ஸும் வேண்டுமா?

கிரீஸ்கை:

வயரை எடுப்பதற்கு முன் காயிலின் பிரைமரியை ஓம் மீட்டரில் பாருங்கள். ரெசிஸ்டன்ஸ் வயரோடு சேர்த்து ஓட வடிவமைத்த காயில் 1.5 ஓம் பக்கம் இருக்கும். அதற்கு முழு 14 வோல்ட் கொடுத்தால் காயிலும் கொதிக்கும், ட்ரிகர் மாட்யூலும் சேர்ந்து போகும். ட்ரிகர் காகிதத்தில் குறைந்தபட்சம் எத்தனை ஓம் என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 3 ஓம் காயில் கேட்கும். இந்தத் தடவை அந்தக் காகிதத்தைப் படித்துவிடுங்கள்.

ஐந்தும் ஏழும் பற்றி: இந்த இன்ஜினின் வரிசை 1-8-4-3-6-5-7-2. ஐந்து வெடித்த உடனே ஏழு வெடிக்கும், இரண்டும் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்து வீடு. இரண்டு வயரும் ஒட்டி இணையாக ஓடினால் ஐந்தின் கரண்ட் ஏழில் தொற்றும், ஏழு நேரத்துக்கு முன்பே வெடிக்கும். வயர் புதியதாக இருந்தாலும் இது நடக்கும். இரண்டையும் தனித்தனி கிளிப்பில் பிரித்து, முடிந்தால் குறுக்காகக் கடந்து போகவிடுங்கள்.

வி8வாத்தியார்:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி பேசுகிறேன். 450 குதிரைக்கு உட்பட்ட, சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினுக்கு சிடிஐ பாக்ஸ் ஆடம்பரம். பழுதில்லாத இன்டக்டிவ் இக்னிஷன், அதாவது இப்போது உங்களிடம் இருப்பதுபோல் காயிலே ஆற்றலைச் சேர்த்து வைக்கிற வகை, 5000 வரைக்கும் எல்லாப் பொறியையும் சரியாகவே கொடுக்கும். ஏற்கெனவே பற்றிக்கொள்கிற கலவையை இன்னும் பலமாகப் பற்றவைத்தால் அது அதிகமாக எரிந்துவிடாது. குதிரைசக்தி எரிபொருளிலும் காற்றிலும் இருக்கிறது. தீக்குச்சி பெரிதாக இருந்தால் சோறு சீக்கிரம் வேகாது.

பல பொறி, பல பொறி என்று பாக்ஸ் விளம்பரத்தில் போடுவார்களே, அது 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே மட்டும். அதற்கு மேலே நேரம் இல்லை, ஒரே பொறிதான். அதுவும் கெப்பாசிட்டர் 500 வோல்ட் பக்கம் ஏறி ஒரேயடியாகக் கொட்டுகிற பொறி, பலம் அதிகம், ஆயுள் மிகக் குறைவு. இன்டக்டிவ் பொறி பலம் குறைவானாலும் ஒரு மில்லி செகண்டுக்கு மேல் எரியும். கலவை நன்றாகக் கலக்காத இடத்தில் நீடித்து எரிகிற பொறிக்குத்தான் மதிப்பு.

சுக்கான்பிடி, உங்கள் இன்ஜினில் ஒரே நேரத்தில் மூன்று வியாதி: குறைந்த வோல்டேஜ், லீக் ஆகிற வயர், பின்தங்கிய டைமிங். பாக்ஸை முதலில் மாட்டியிருந்தால் முதல் வியாதியை அது மறைத்திருக்கும், மற்ற இரண்டும் அப்படியே இருந்திருக்கும், "அடடா பாக்ஸ் போட்டதும் 4700 போகுது" என்று இங்கே எழுதியிருப்பீர்கள்.

டைமிங்லைட்:

வாத்தியார் சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் ஒரு இடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய கேம் போட்ட இன்ஜின் ஐடிலில் பழைய புகையும் புதுக் கலவையும் கலந்து கிடக்கும், பற்றவே அடம்பிடிக்கும். அங்கே பல பொறி கண்கூடாக வித்தியாசம் காட்டும். ஜெட்டியில் கட்டும்போது கியர் போட்டதும் இன்ஜின் அணைந்து படகு தன்பாட்டுக்குப் போகிற அவஸ்தை தெரிந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். சூப்பர்சார்ஜர் போட்டால் பேச்சே வேறு. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட இடைவெளியைத் தாண்ட வோல்டேஜ் அதிகம் வேண்டும், அங்கே பாக்ஸ் ஆடம்பரம் இல்லை, அதோடு பிளக் முனை இடைவெளியையும் 0.035 அங்குலத்திலிருந்து 0.030 பக்கம் குறைக்க வேண்டியிருக்கும்.

பிளக் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர் பிளக். சாம்பியனில் எண் கூடினால் சூடான பிளக். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது "ஒரு எண் கூட வாங்கினேன், குளிர்தானே" என்று தலைகீழாக வாங்கிவிடாதீர்கள். முழு த்ராட்டிலில் மணிக்கணக்காக ஓடுகிற படகில் சூடான பிளக் முனையே அடுப்புக் கங்கு மாதிரி ஆகி, பொறி வருவதற்கு முன்னால் கலவையைப் பற்றவைத்துவிடும்.

சுக்கான்பிடி:

முடித்துவிட்டேன். 3 ஓம் மரைன் காயில், சாவியிலிருந்து ரிலே வழியாக முலாம் பூசிய புது வயர், பித்தளை முனை கேப், ரோட்டார், சுருள் கம்பி வயர் செட், பிளக் இடைவெளி 0.035. ஐந்தும் ஏழும் இப்போது தூரத்து உறவு. பேலன்சர் புதியது. பேஸ் (ஆரம்ப) டைமிங் 10 டிகிரி, மெக்கானிக்கல் 24, மொத்தம் 34, 3200-இல் முழுதாக வருகிறது.

நேற்று காற்று இல்லாத காலையில் ஓட்டினேன். 4400-ஐத் தாண்டுகிற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை, அது பாட்டுக்கு ஏறி 4900-இல் நின்றது. ஜிபிஎஸ்-இல் மணிக்கு 62 மைல். 23 பிட்ச் ப்ரொப்பல்லர் (ஒரு சுற்றுக்கு 23 அங்குலம் முன்னேற வேண்டியது), கியர் 1.5, கணக்குப்படி வழுக்கலே இல்லை என்றால் 71 வர வேண்டும், ஆக 13 சதவீதம் வழுக்கல். பிளக் எட்டையும் கழற்றி லென்ஸில் பார்த்தேன், சுத்தம்.

5000 வரவில்லை என்பது கொஞ்சம் உறுத்துகிறது. சுமை குறைவான 21 பிட்ச் கடன் வாங்கிப் பார்க்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் பாக்ஸ் ஆசை விடவில்லை, ஆனால் இப்போது காரணம் வேறு. எதிரே போன பெரிய படகின் அலையில் ஒரு முறை துள்ளியபோது ப்ரொப்பல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து டாக்கோமீட்டர் முள் எங்கேயோ போய்வந்தது. ரெவ் லிமிட்டர் (ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுப்பது) உள்ள பாக்ஸ் போட்டால் அதைத் தடுக்கலாம்தானே?

வி8வாத்தியார்:

அதற்கு வாங்குங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

கிரீஸ்கை:

வாங்கினால் மாட்டும்போது சில விஷயம். தடித்த சிவப்பும் தடித்த கருப்பும் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும், நடுவில் வேறு எதிலும் இணைக்கக்கூடாது. மெல்லிய சிவப்புதான் சாவி வயர். உங்கள் கையில் கட்டுகிற கில் சுவிட்ச் அந்த மெல்லிய சிவப்பைத் துண்டிக்கும்படி மாற்றிக் கொடுங்கள், மாட்டி முடித்ததும் முதல் வேலையாகக் கயிற்றை இழுத்துப் பாருங்கள், அணைய வேண்டும். சாவியை அணைத்த பிறகும் இன்ஜின் ஓடினால் பயப்பட வேண்டாம், ஆல்டர்னேட்டரின் எச்சரிக்கை விளக்கு வழியாகக் கரண்ட் திரும்பி வருகிறது, அந்த வயரில் ஒரு டயோடு போட்டால் நிற்கும்.

டாக்கோமீட்டர் வயரைக் காயிலில் விட்டுவிடாதீர்கள். பாக்ஸ் போட்ட பிறகு காயில் முனையில் நூற்றுக்கணக்கான வோல்ட், மீட்டரும் போகும், கை பட்டால் நீங்களும் தூக்கி எறியப்படுவீர்கள். பாக்ஸிலேயே அதற்குத் தனி முனை இருக்கும். இன்று மாட்டிய 3 ஓம் காயிலையும் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், பாக்ஸுக்கு அதற்கென்று சொன்ன காயில்தான். பாக்ஸை இன்ஜின் மேல் திருகாமல் டிரான்ஸம் (படகின் பின்சுவர்) பக்கத் தடுப்பில், எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, பில்ஜ் தண்ணீர் தொடாத உயரத்தில் ரப்பர் வைத்து மாட்டுங்கள்.

டைமிங்லைட்:

மாட்டிய பிறகு டைமிங்கைத் திரும்பப் பாருங்கள், பழைய எண் அப்படியே இருக்கும் என்று விடாதீர்கள். பின்னால் டயல் வைத்த லைட் என்றால் டயலை பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு பேலன்சரில் ஒட்டிய டேப்பைப் படியுங்கள், பல பொறி வரும்போது அந்த டயல் உளறும். லிமிட்டரை 5300-இல் வைத்து ஆரம்பியுங்கள், 21 பிட்ச் போட்டு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பில்ஜ்பூனை:

அந்தப் பழைய கேப்பையும் ரோட்டாரையும் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? ரோட்டார் பரவாயில்லை என்றால் படகிலேயே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

சுக்கான்பிடி:

ரோட்டார் இருக்கிறது. கேப்பை என் பையன் விளையாட எடுத்துக்கொண்டு போய்விட்டான்.